தையல் இயந்திரம் கொடுத்த பிறகு: மாற்றுத்திறனாளிகளின் வேலையும் சாதியும்



எல். இளையபெருமாள் அவர்களின் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்துக்கு அழைத்த தோழர்கள் தலைப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளின் வேலை, சிறுதொழில் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு தோழர், "அதை அவங்க சங்கங்கள்தானே பேசும் தோழர், நம்ம மேடையில எப்படி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் வியப்பில்லை. அரசாங்கமும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துக்கு ஓர் அலுவலகம், மாற்றுத்திறனாளிகள் நலத்துக்கு இன்னோர் அலுவலகம். இரண்டுமாக இருக்கிற ஒருவர் எந்தப் படியேறுவது? படியேற முடியாதவராக இருந்தால் என்ன செய்வது? இதுதான் நான் இன்று பேச வந்தது.

இளையபெருமாள் பெயரில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1969இல் அறிக்கை கொடுத்தார். தீண்டாமை, பட்டியல் சாதியினரின் பொருளாதார வளர்ச்சி, கல்வி வளர்ச்சி ஆகிய மூன்றும் அந்தக் குழுவின் பெயரிலேயே ஒன்றாக இருந்தன. தீண்டாமையை ஒரு பக்கமும் பிழைப்பை இன்னொரு பக்கமும் வைத்துப் பேச முடியாது என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் நாம் இன்னும் பிரித்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இது இலக்கிய அமைப்பு என்பதால். 'மாற்றுத்திறனாளி' என்பது தமிழ்நாட்டில் அரசு வழியாகப் பரவிய சொல். பழைய சொற்களின் இழிவு இதில் இல்லை, ஆகவே நானும் பயன்படுத்துகிறேன். 2015 இறுதியில் பிரதமர் 'திவ்யாங்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். தெய்வீக உடல் கொண்டவர் என்று பொருள். கேட்டவுடன் நமக்கு வேறொரு சொல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நம்மை ஹரியின் மக்கள் என்று அழைத்தவர்களிடம், கடவுளின் பிள்ளை என்ற பட்டம் வேண்டாம், கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை வேண்டும் என்று சொன்னவர்கள் நாம். கேட்பவருக்கு உரிமையைத் தர மனமில்லாதபோது தெய்வீகத்தைத் தருவது இந்த நாட்டின் பழைய வழக்கம்.

ஆனால் நம் பக்கமும் பார்க்க வேண்டும். 1920இல் அண்ணல் தொடங்கிய இதழின் பெயர் 'மூக்நாயக்', பேச்சற்றவர்களின் தலைவன். அந்தக் காலத்தில், அந்த மக்களுக்கு, அந்தப் பெயர் எத்தனை பெரிய காரியம் செய்தது என்று நமக்குத் தெரியும். நூறாண்டு கழித்து, நம் கவிதைகளில் அதிகாரம் இன்னும் 'குருட்டு'த்தனமாகவும், நீதி 'ஊமை'யாகவும், ஜனநாயகம் 'முட'மாகவும் இருக்கிறது. காதுகேளாதவர்களுக்குச் சைகை மொழி இருக்கிறது. அதற்கு இலக்கணமும் உண்டு. அவர்கள் பேசாதவர்கள் அல்ல. எழுதுகிற தோழர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். இதற்கு மேல் இதைப் பேசினால் பொழுது இதிலேயே போய்விடும்.

எண்களுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம். நாட்டின் மொத்த மக்கள்தொகையில் அவர்கள் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 2.45 சதவீதம். கால் சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். பல கோடிப் பேர் கொண்ட மக்களிடையே கால் சதவீதம் என்பது சில லட்சம் உடல்கள். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் சமூகவியல்.

அது கருவில் மட்டும் வந்ததல்ல. கல்குவாரி, செங்கல் சூளை, வெடிமருந்து, கரும்பு ஆலை, கதிரடிக்கும் இயந்திரம், சாரம் கட்டிய கட்டடம், மலக்குழி. எந்த வேலையில் கை போகும், கண் போகும், நுரையீரல் போகும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்த வேலைகளில் யார் இருக்கிறார்கள் என்று இன்னொரு பட்டியல் போடுங்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பதல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். எந்த உடல் சேதமாகலாம் என்பதையும் அந்தப் பிரிவினையே தீர்மானிக்கிறது என்பதை அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சட்டத்துக்கே இது தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளை எடுத்துப் பாருங்கள். 2016 திருத்தத்தில் உள்ள நிவாரண அட்டவணையில், வன்கொடுமையால் நூறு சதவீதம் செயலிழந்தவருக்கு 8.25 லட்சம் ரூபாய், ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்றால் 4.5 லட்சம், அதற்குக் கீழ் 2.5 லட்சம் என்று வரிசையாக இருக்கிறது. சாதி ஒருவரை மாற்றுத்திறனாளி ஆக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் ஒப்புக்கொள்ள முடியாது. அதே போல 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை, மலக்குழிப் பணி பற்றிய வழக்கில், இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம், நிரந்தர ஊனம் ஏற்பட்டால் குறைந்தது 20 லட்சம், மற்ற பாதிப்புகளுக்குக் குறைந்தது 10 லட்சம் என்று உத்தரவிட்டது. மலக்குழி மரணம் என்றால் நாம் ஓடுகிறோம், மறியல் செய்கிறோம், உடலை வாங்க மறுக்கிறோம். அதே குழியிலிருந்து உயிரோடு தூக்கப்பட்டு, நுரையீரல் கெட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அந்த 20 லட்சமும் 10 லட்சமும் பெரும்பாலும் கேட்கப்படாமலே கிடக்கின்றன என்பது களத்தில் நான் பார்த்தது.

சரி, வேலைக்கு வருவோம். மாற்றுத்திறனாளிக்குப் பிழைப்பு என்று சொன்னதும் எல்லார் மனதிலும் வருவது இரண்டு: தையல் இயந்திரம், பெட்டிக்கடை. அரசும் கொடுக்கிறது, தொண்டு நிறுவனங்களும் கொடுக்கின்றன, அரிமா சங்கமும் கொடுக்கிறது. கொடுத்த அன்று படம் எடுப்பார்கள். நான் சொல்ல வருவது படம் எடுத்ததற்குப் பிறகு நடப்பது.

கடலூர் மாவட்டத்தில் ஒரு காலனி. ஊர்ப் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண், சிறு வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியிருக்கிறது. மோட்டார் வைத்த தையல் இயந்திரம் கிடைத்தது. நல்ல கைவேலை, பயிற்சியில் முதலாவதாக வந்தவர். இரண்டு வருடம் கழித்து நான் போனபோது இயந்திரத்தின் மேல் பழைய புடவை போர்த்தி, அதன் மேல் பிள்ளைகளின் புத்தகப் பைகள் இருந்தன. ஆய்வுக்கு வந்து போனவர் தன் படிவத்தில் 'பயனாளிக்கு ஆர்வமில்லை' என்று எழுதியிருந்தாராம்.

அந்த அக்காவிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். ஜாக்கெட் தைக்க வேண்டுமென்றால் அளவு எடுக்க வேண்டும். அளவு எடுக்க உடம்பைத் தொட வேண்டும். ஊர்த் தெருப் பெண்கள் இவரிடம் வந்து தோளைக் கொடுப்பார்களா? அளவு ஜாக்கெட் கொடுத்தனுப்பலாம். தாங்கள் உடுத்தியதைக் காலனிக்குக் கொடுத்தனுப்பவும் அவர்கள் தயாரில்லை. ஊருக்குள் ஒரு தையற்காரர் இருக்கிறார், கூலி கூடுதல், தையல் சுமார், ஆனாலும் எல்லாரும் அங்கேதான். ஆக இவருக்குச் சந்தை என்பது காலனியின் எண்பது வீடுகள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துணி வரும். தைக்கக் கொடுப்பவர் அத்தை, வாங்கிப் போகிறவர் சித்தி, கூலி அடுத்த மாதம். அத்தையிடம் எப்படிக் கறாராகக் கேட்பது? அத்தை கையிலும் காசில்லை.

திட்டம் வகுத்தவர் அவருடைய காலைத்தான் கணக்கில் எடுத்தார். கால் இயங்காததால் மிதிக்க முடியாது, ஆகவே மோட்டார் வைக்கலாம். மிகச் சரியான தீர்வு. அவருக்குத் தடையாக இருந்தது கால் அல்ல, ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கிற இருநூறு அடி ரோடு. அதற்கு எந்த மோட்டாரும் பொருத்தப்படவில்லை.

இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் பிறகு மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரானார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைத் தைப்பது சமூக நலத்துறையின் கீழுள்ள இந்தச் சங்கங்கள்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெட்டிய துணி கட்டாக வருகிறது, வீட்டில் வைத்துத் தைக்கிறார், கூலியைச் சங்கம் கொடுக்கிறது. ஊர்த் தெருப் பிள்ளையும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. தைத்தவர் யார் என்று சட்டையில் எழுதியிருப்பதில்லை. குறைகள் உண்டு. கூலி தாமதமாகிறது, வருடம் முழுக்க வேலை இல்லை, துணிக்கட்டைச் சுமந்துவர அவருடைய தம்பி தன் ஒருநாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. என்றாலும் பைகள் இயந்திரத்தை விட்டு இறங்கிவிட்டன.

இரண்டு ஏற்பாட்டிலும் அதே இயந்திரம், அதே கை, அதே கால். மாறியது ஒன்றுதான்: யார் வாங்குகிறார்கள் என்பது. தலித் மாற்றுத்திறனாளிகளின் சுயதொழிலைப் பற்றிப் பேசும்போது நாம் கருவியைக் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. வாங்குபவரைக் கேட்க வேண்டும், இடத்தைக் கேட்க வேண்டும்.

உணவுத் தொழிலில் இது இன்னும் கூர்மை. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த பெண் தலித் என்பதால், அவர் சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். அரசு ஆணையோடு, அரசுச் சமையலறையில் நின்றவருக்கே அந்த நிலை. தன் வீட்டு வாசலில் இட்லிக்கடை போடுகிற தலித் மாற்றுத்திறனாளிக்கு எந்த ஊர் வாடிக்கையாளர் வருவார்? 'சிறு உணவகம்' என்று திட்ட அறிக்கையில் எழுதிக்கொடுக்கும் ஆலோசகர்கள் இதை யோசிப்பதில்லை. மாறாக, அரசு மருத்துவமனை வாசலிலோ பேருந்து நிலையத்திலோ ஆவின் பாலகம் என்றால் நிலைமை வேறு. பால் பாக்கெட்டில் வருகிறது, பலகையில் ஆவின் பெயர் இருக்கிறது, பேருந்துக்கு நிற்பவர் கடைக்காரரின் தெருவை விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். நகரத்தின் அவசரம் நமக்குச் சில நேரம் நல்லது செய்கிறது. அம்பேத்கர் கிராமத்தை ஏன் அப்படி வெறுத்தார் என்பது ஒரு கடை வைத்துப் பார்த்தால் புரியும்.

இடம் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 37ஆம் பிரிவைப் படியுங்கள். விவசாய நிலம், வீடு ஒதுக்கீட்டில் 5 சதவீதம். வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீதம். தொழில், வணிகம் தொடங்கச் சலுகை விலையில் நிலம் ஒதுக்கும்போது 5 சதவீதம். பெண்களுக்கு முன்னுரிமை என்றும் இருக்கிறது. வேலைவாய்ப்பில் 4 சதவீத இடஒதுக்கீடு பற்றி எல்லாருக்கும் தெரியும். இந்த 5 சதவீதம் பற்றிப் பேசுவோர் குறைவு. பஞ்சமி நிலத்துக்காகவும் மனைப்பட்டாவுக்காகவும் நாம் கொடுக்கும் மனுக்களில் இந்தப் பிரிவைச் சேர்த்து எழுதினால் என்ன? நம் பட்டியலின் முதல் பெயர்கள் நம் காலனியின் மாற்றுத்திறனாளிப் பெண்களாக இருந்தால் என்ன?

அரசு வேலை பற்றி மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டைக் கிடைமட்ட ஒதுக்கீடு என்கிறார்கள். 1992 மண்டல் தீர்ப்பு அதை விளக்கியது. சாதி ஒதுக்கீடு செங்குத்தாக நிற்கும் தூண்கள்; இது எல்லாத் தூண்களையும் குறுக்கே வெட்டிப் போகும் கோடு. தேர்வாகும் மாற்றுத்திறனாளி பட்டியல் சாதியினர் என்றால் அந்தத் தூணில் கணக்கு வைக்கப்படுவார், பொதுப்பிரிவினர் என்றால் அந்தத் தூணில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு எந்தத் தூணில் எத்தனை பேரைத் தொடுகிறது? ஒரு மாற்றுத்திறனாளி தேர்வு எழுதுகிற இடம்வரை வந்து சேர, சிறப்புப் பள்ளி, விடுதி, கூட வர ஓர் ஆள், கைபேசியில் திரைவாசிப்பு மென்பொருள், எழுதித்தர ஒருவர் எல்லாம் வேண்டும். இவை யார் வீட்டில் இருக்கும்? ஆகவே அந்த 4 சதவீதத்துக்குள் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று துறைவாரியாகக் கேட்க வேண்டும். ஒரு தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்கள் ஆளுக்கொரு துறையை எடுத்துக்கொண்டாலே பெரிய ஆய்வாகிவிடும். முனைவர் பட்டத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு இலவசமாகவே தருகிறேன்.

2020இல் உச்ச நீதிமன்றம் சண்டிகர் கல்லூரிச் சேர்க்கை வழக்கொன்றில், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தரும் தகுதி மதிப்பெண் தளர்வை மாற்றுத்திறனாளிகளுக்கும் தர வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் இரண்டு விலக்கலுக்கும் ஒரே அளவு தளர்வு என்று வைத்த பிறகு, இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர் நிலை என்ன? அதே நீதிமன்றம் 2021இல், ஆந்திராவைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் மீதான பாலியல் வன்முறை வழக்கில், சாதி, பாலினம், ஊனம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னி வேறொரு ஒடுக்குமுறையாகிவிடும் என்பதை விரிவாகப் பேசியது. பேசிவிட்டு, குற்றம் சாதியின் காரணமாக நடந்தது என்பதற்கு ஆதாரமில்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது; பாலியல் வன்முறைக்கான ஆயுள் தண்டனை நிலைத்தது. பின்னல் புரிகிறது, ஆனால் சட்டத்தின் கத்தரிக்கோலுக்கு ஒவ்வொரு இழையாகத்தான் வெட்டத் தெரிகிறது.

வங்கிக் கடன் கதையும் அதுவே. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பட்டியல் சாதியினரும் மாற்றுத்திறனாளிகளும் 'சிறப்புப் பிரிவு'. சொந்தப் பங்கு 5 சதவீதம். மானியம் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம். இரண்டுமாக இருப்பவருக்கும் அதே 35தான். அந்த மானியமும் கையில் வராது, மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருக்கும். ஒரு வரம்புவரை சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த விதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நகல் இருந்தால் மேலாளரின் குரல் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. அதில் பயன்பெற்ற மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்பது இன்னொரு தகவல் உரிமை மனு.

ஒரு மாவட்டத்தில் ஒரு கை இழந்த தோழர் ஒருவரோடு நானே இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் போனேன். முதல் இடத்தில், "இவர் எஸ்.சி. தானே, அங்கே போங்க" என்றார்கள். இரண்டாவது இடத்தில், "ஊனமுற்றோருக்குத் தனி ஆபீஸ் இருக்கே" என்றார்கள். ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. ஒருவர் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது முறை அந்தத் தோழர் வர மறுத்துவிட்டார். ஒரு நாள் அலைந்தால் அவருக்கும் கூட வருகிற மனைவிக்கும் சேர்த்து இரண்டு கூலி போகிறது.

உதவித்தொகை பற்றியும் ஒன்று. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை 2023 முதல் தரப்படுகிறது. தொழில் தொடங்கினால் அது நின்றுவிடுமோ என்ற பயம் வீடுகளில் பெரிதாக இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பாட்டியின் மாத்திரையும் இருக்கிறது, ஒரு பேத்தியின் பேருந்துக் கட்டணமும் இருக்கிறது. "உழைக்க மனமில்லை" என்று சொல்கிறவர்கள் அந்த வீட்டின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. தொழில் தொடங்கிய முதல் சில ஆண்டுகளாவது உதவித்தொகைக்குக் கை வைக்க மாட்டோம் என்று அரசு எழுத்தில் சொல்ல வேண்டும்.

நம் இயக்கங்களிடமும் கேட்க வேண்டியவை உண்டு. நம் கூட்டங்கள் பெரும்பாலும் மாடியில் நடக்கின்றன. வாடகை குறைவு, தெரியும். அடுத்த கூட்டத்தைத் தரைத்தளத்தில் வைக்க இன்னும் கொஞ்சம் வசூல் செய்யலாம். நம் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தவும், அச்சுக்கோக்கவும், நூல்களை ஒலிவடிவமாக்கவும் ஆட்கள் வேண்டியிருக்கிறார்கள். அந்த வேலைகளை நம் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்குக் கூலியோடு கொடுக்கலாம். கூலியோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன், இயக்கப் பணி என்று சொல்லி இலவசமாக வாங்கிவிடுவதில் நாம் கெட்டிக்காரர்கள்.

இப்போது உடனே செய்யக்கூடிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014இன்படி ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள். அவர்களில் பட்டியல் சாதியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய இடம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எந்த இடத்தில் யார் கடை போடலாம் என்பதில் கருத்துச் சொல்கிற குழு அது. உங்கள் நகராட்சியில் அந்தக் குழுவில் யார் யார் என்று விசாரியுங்கள்.

இரண்டாவது, உள்ளாட்சி. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. நியமனம் என்பதால், ஊர்ப் பெரியவர்கள் கை காட்டும் ஆளே வந்துவிடும் வாய்ப்பு அதிகம். ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித்துக்கே நாற்காலி தராத ஊர்கள் நமக்குத் தெரியும். ஆகவே விண்ணப்பம் கேட்கும்போது ஒவ்வொரு காலனியிலிருந்தும் பெயர் போயிருக்க வேண்டும். விண்ணப்பம் எழுத, அடையாள அட்டை நகல் எடுக்க, அலுவலகம்வரை கூடப் போக ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் ஒன்றியத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். வாசலுக்கு வர முடியாதவர்களிடம் நோட்டு வரும்.